சாரல் கணக்குப் போட்டு ஆல்ப்ஸ் போன கதை

ஆல்ப்ஸ் மலைக்கு எந்த மாதம் போகலாம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லும் தகுதி எனக்கு இப்போது வந்துவிட்டது. மே மாதம் போகாதீர்கள். மற்றப் பதினொரு மாதங்களைப் பற்றி என் மனைவி ரூபியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் சரியாகச் சொன்னதைக் கேட்காமல் போனவன் நான்.

அம்பை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் அம்பாசமுத்திரத்தில் எனக்கு விதைக்கடை. நெல் விதை, உளுந்து விதை, கூடக் கொஞ்சம் உரம். ரூபி பாளையங்கோட்டைக்காரி. முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஒரே மகள் மெர்சி சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் வேலை பார்க்கிறாள். "ரெண்டு பேரும் ஒரு தடவ வந்துட்டுத்தான் போங்களேன்" என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ரூபிக்கு அங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பனியாறு. முப்பது வருடம் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து தள்ளியிருக்கிறாள். ஐஸ் எப்படி ஆறு மாதிரிப் பைய நகர்ந்து வரும், எப்படிப் பாறையைச் சுரண்டும், எப்படிக் கல்லைச் சுமந்துவந்து போட்டுவிட்டுப் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நீங்க பாத்திருக்கியளா?" என்று கேட்குமாம்.

"முப்பது வருசமும் இல்லட்டி, உக்காருன்னே சொல்லிருக்கேன். ஒரு தடவயாவது கையால தொட்டுப் பாத்துரணும்" என்பாள்.

அதற்கு ஒரே ஒரு தடை அவளுடைய முழங்கால். நின்று நின்றே பாடம் நடத்தி இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. வலது முட்டிக்கு ஆப்பரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். கத்தி என்றாலே பயம் அவளுக்கு. ஆனால் ஆல்ப்ஸில் ரோப் கார் இருக்கிறது, உட்கார்ந்தபடியே பனியாற்றுப் பக்கம் போய்விடலாம் என்று மெர்சி சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க அன்றைக்குச் சாயங்காலமே கிளம்பிவிட்டாள்.

எந்த மாதம் போவது என்பதில்தான் சண்டை.

"செப்டம்பர்" என்றாள் ரூபி. "மேல கெடக்க புதுப் பனியெல்லாம் உருகி முடிஞ்சிருக்கும். அப்பந்தான் அடியில உள்ள ஐஸு வெளிய தெரியும். மத்த நேரம் வெறும் வெள்ளையாத்தான் கெடக்கும்."

மெர்சியும் அதையே சொன்னாள். நான் மே என்றேன். சும்மா சொல்லவில்லை, ஆராய்ச்சி பண்ணித்தான் சொன்னேன். எங்கள் வட்டாரத்துக்காரனுக்குச் சீசன் என்றால் குற்றாலம்தான். ஆனி, ஆடியில் சாரல் விழும், அருவி கொட்டும், ஊரே அங்கே கிடக்கும். ஆனால் விவரமானவன் ஆடிக்குப் போக மாட்டான். முதல் சாரல் விழுந்த மறுநாளே, ஆள் வருவதற்கு முன்னால், துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். என் கடைக்கு அடுத்த டீக்கடை முருகையா இதில் கரைகண்டவர்.

"வே, சீசனுக்கு முந்திப் போறவன்தான்வே குளிப்பான்" என்பார். "பொறவு போறவன் வரிசையிலல்லா நிப்பான்."

ஆல்ப்ஸில் சீசன் ஜூன் கடைசியில் தொடங்குகிறது. அப்படியானால் மே நடுவில் போகிறவன்தானே விவரமானவன்? கூட்டம் இருக்காது, தண்ணீர் புதிதாக இருக்கும், ஜூனில் நெல்லுக்கு அணை திறப்பதற்குள் நானும் கடைக்குத் திரும்பிவிடலாம். இதை வீட்டில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். ரூபி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, ஒங்க இஷ்டம்" என்றாள்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் வாதாடாமல் அவள் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சூரிச்சில் இரண்டு நாள் மகள் வீட்டில் தங்கினோம். மூன்றாம் நாள் மெர்சி எங்களை ரயிலில் ஏற்றிவிட்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கையில் இட்லிப் பொட்டலம், மிளகாய்ப்பொடி, யாருக்காவது கொடுக்கலாம் என்று நான் ஊரிலிருந்து கொண்டுபோன அல்வாவில் ஒரு பெட்டி. "அப்பா, அங்கன பாதி கடை மூடியிருக்கும்பா, இன்னொரு தடவ யோசிங்க" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னாள். "மூடட்டுமே, கூட்டம் இருக்காதுல்லா" என்றேன். ரூபி இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

இரண்டாவது ரயிலில்தான் வினை. எதிரே இருந்த ஒரு பாட்டியம்மா எங்கள் டிக்கெட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினாள். அவள் சொன்ன பாஷை எங்களுக்கு விளங்கவில்லை. உடனே இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, படக்கென்று பிரித்து, ஒரு கையை இடப்பக்கமும் இன்னொரு கையை வலப்பக்கமும் ஓட்டிக் காட்டினாள். அடுத்த ஸ்டேஷனில் ரயில் இரண்டாகப் பிரியுமாம். முன் பாதி ஒரு ஊருக்கு, பின் பாதி வேறு ஊருக்கு. நாங்கள் இருந்தது வேண்டாத பாதி. செங்கோட்டை வண்டியில் ஏறினால் செங்கோட்டைக்குத்தானய்யா போகும், பெட்டிக்குப் பெட்டி மனசு மாறுமா? ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடினேன். அவள் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டே ஓடிவந்து ஏறி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கி முடித்ததும், "இட்லிப் பொட்டலம்?" என்றாள். அது பாட்டியம்மாவோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. மிளகாய்ப்பொடியும் போயிற்று. பாட்டியம்மா என்ன பாடுபட்டாளோ.

ரயிலிலிருந்து இறங்கி மஞ்சள் பஸ். மலைப்பாதை, ஊசி வளைவுகள், ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் பாட்டு மாதிரி ஹாரன் அடித்தார். எங்கள் ஊர் மலைமேல் உள்ள மாஞ்சோலைக்குப் பஸ்ஸில் போய்ப் பழகிய எங்களுக்கு வயிற்றைப் பிரட்டவில்லை. போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் எங்கள் இருவர் வாயிலும் நுழையாததால் அதற்கு 'மேல மாஞ்சோலை' என்று பேர் வைத்துக்கொண்டோம்.

பேர் வைத்த நேரமோ என்னவோ, ஊரில் ஒரு ஆள் இல்லை. ஓட்டல்களில் ஜன்னல் கதவுகள் அடைத்துக் கிடந்தன. கடை வாசலில் நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இறங்கிப் போனபிறகு எங்கள் மாஞ்சோலையில் லயன் வீடுகள் இப்படித்தான் கிடந்தன. இந்த ஊராவது ஜூனில் திரும்ப நிறைந்துவிடும். அதை நினைத்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

திறந்திருந்த ஒரே விடுதியின் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தது. எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்கள் உண்மையிலேயே இங்கேதான் வர நினைத்தீர்களா?"

ஆமாம் என்றேன். "மே மாதத்தில் இங்கே யாரும் வருவதில்லை. நாங்களே கடற்கரைக்குப் போய்விடுவோம். இந்த வருடம் நாய்க்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் இருக்கிறேன்" என்றாள். அந்த நாய் மட்டும் ஆரோக்கியமாக இருந்திருந்தால் நாங்கள் தெருவில்தான் நின்றிருப்போம்.

மறுநாள் காலை ரூபி புது ஷூ, மெர்சியின் கம்பளிக் கோட்டு, தலையில் குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டாள். ரோப் கார் நிலையம் வரைக்கும் கம்பை ஊன்றி ஊன்றி நடந்தாள். கதவில் ஒரு அட்டை தொங்கியது. பராமரிப்பு வேலை, ஜூன் நடுவில்தான் திறப்போம் என்று நான்கு பாஷையில் எழுதியிருந்தது. மேலே கம்பியில் கார்கள் இல்லை. எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வரிசையாக வைத்திருந்தார்கள்.

ரூபி நான்கு பாஷையையும் படித்தாள், தெரியாத பாஷை மூன்றையும் சேர்த்து. பிறகு திரும்பி நடந்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மத்தியானம் விடுதியம்மா சீஸை நெருப்பில் காட்டி உருக்கி, அவித்த உருளைக்கிழங்கு மேல் வழித்துப் போட்டுக் கொடுத்தாள். ருசிதான். ஆனால் நான்காவது வாய்க்கு மேல் இறங்கவில்லை. பெட்டியின் அடியில் கிடந்த நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வைத்துக்கொண்டதும் இரண்டாம் தட்டு வாங்கினேன். பதிலுக்கு அல்வாவை நீட்டினேன். அவள் கத்தியை எடுத்து, வெண்ணெய் மாதிரி ரொட்டியில் தடவினாள். தடவ வருமா அது? கத்தியோடு வந்தது. ஒருவழியாகக் கடித்துவிட்டு, "இது இனிப்பா, பசையா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அடுத்த துண்டையும் எடுத்தாள். அந்த நாளில் ரூபி சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த நாள் மழை. மழையென்றால் கொட்டுகிற மழை இல்லை, பொடிப்பொடியாகத் தூறல், காற்று, மலைமேல் மூட்டம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ரூபி! சாரல்! வந்து பாரு, அச்சு அசல் குத்தாலம்!"

"குத்தாலத்துக்கு அம்பையிலேருந்து ஒரு மணி நேரந்தான்" என்று படுக்கையிலிருந்து பதில் வந்தது.

ஊருக்குப் பின்னால் ஒரு அருவி. பனி உருகிய தண்ணீர், வெள்ளை வெளேரென்று கொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு ஈ, காக்கை இல்லை. முருகையா பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். ஊரிலிருந்து கொண்டுவந்த நல்லெண்ணெயைத் தலையில் தேய்த்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். வலது காலை வைத்தேன். வைத்தது தெரியும், எடுத்தது தெரியாது. காலே இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். அங்கே பசுமாடு ஓட்டிவந்த ஒருவர் எண்ணெய் வழிகிற என் தலையையும் துண்டையும் பார்த்துவிட்டு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். "மதச் சடங்கா?" என்று இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

ஆனால் அன்றைக்கு முழுவதும் ரூபி அறையைவிட்டு வெளியே வரவில்லை. விடுதியம்மாதான் யோசனை சொன்னாள். மலைமேல் போகும் ரோடு பனியில் மூடிக் கிடக்கிறது, அதை வெட்டித் திறந்துகொண்டிருக்கிறார்கள், வேலை நடக்கும் இடம் வரைக்கும் காலையில் ஒரு பஸ் போகும், அங்கிருந்து மேகம் விலகினால் பனியாறு தெரியும் என்றாள்.

மறுநாள் காலை அந்தப் பஸ்ஸில் போனோம். பயணிகள் நாங்கள் இரண்டு பேர்தான். கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வருவேன் என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டார். ரோட்டுக்குக் குறுக்கே கம்பி போட்டு அடைத்திருந்தது. ஓரத்தில், மலையிலிருந்து சரிந்துவந்த பனி ஒரு வைக்கோல்போர் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மண்ணும் மரக்கிளையும் கலந்த அழுக்குப் பனி. அடியிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு ஆசை, இதை வைத்தே சமாளித்துவிடலாமென்று.

"ரூபி, இந்தா பாரு பனியாறு! அடியில தண்ணி ஓடுது, கல்லு மண்ணெல்லாம் இருக்கு. நீ வரஞ்ச மாதிரியேல்லா இருக்கு. தொடு, தொடு."

அவள் கம்பால் அதைக் குத்திப் பார்த்தாள். "இது சரிஞ்சு விழுந்த பனி. பனியாறு இல்ல. ஒங்களுக்கு ஃபெயில்" என்றாள்.

கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய பாறை, யானை படுத்திருப்பதுபோல. ரூபி அதன் பக்கத்தில் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். குல்லாவைக் கழற்றினாள். பாறையில் நீளநீளமாகக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில், தேங்காய் துருவின மாதிரி. விரலை அந்தக் கோட்டில் வைத்து இழுத்துக்கொண்டே போனாள்.

"இங்கன வந்திருக்குங்க. அது இங்கன வந்துட்டுத்தான் போயிருக்கு. கல்ல இழுத்துக்கிட்டுப் போன தடம் இது. இதத்தான் முப்பது வருசமா வரஞ்சேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ரோடு வேலைக்காரர்கள் இரண்டு பேர் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட மூத்தவர், பாறையைத் தடவிக்கொண்டு நிற்கும் அம்மாளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். ரூபி தான் பூகோள டீச்சர் என்று இங்கிலீஷில் சொன்னதும் மனிதர் நிமிர்ந்து நின்றுகொண்டார். எந்த நாட்டுப் பிள்ளையானாலும் டீச்சரைக் கண்டால் அப்படித்தான் போலிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. அவர் கையை நீட்டினார். "அதோ, அதுதான்."

நாங்கள் பார்த்தோம். மலை முழுக்க வெள்ளை. பள்ளமும் வெள்ளை, மேடும் வெள்ளை. எது பனியாறு, எது சும்மா பனி என்று ஒன்றும் பிடிபடவில்லை.

"போத்திக்கிட்டுக் கெடக்கு" என்றாள் ரூபி, மெதுவாக.

"செப்டம்பரில் வந்தால் நீலமாகத் தெரியும்" என்றார் அவர். "நான் வேலைக்குச் சேர்ந்தபோது ரோப் காரைவிட்டு இறங்கினால் வாசலில் ஐஸ். இப்போது இறங்கி அரை மணி நேரம் கல்லுக்குள் நடக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் மேலே மேலே போகிறது. வருவதாக இருந்தால் ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா."

அவர் வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"பாத்தியா" என்றேன். "செப்டம்பர்ல வந்திருந்தாலும் அரை மணி நேரம் ஒன்னால நடந்திருக்க..."

"வாய மூடுங்க."

மூடினேன். ஆனால் மூடியே வைத்திருக்க என்னால் முடியவில்லை.

"ரூபி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. சாரல் கணக்கெல்லாம் சும்மா. செப்டம்பர் பிசான நெல்லுக்கு நாத்துப் பாவுத நேரம். கடையில வெத வாங்க ஆள் வந்து நிக்கும். அடைக்க மனசு வரல. அதான் முருகையா பேரச் சொல்லி மே மாசம்னேன்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீங்க ஆராய்ச்சி பண்ணுனேன்னு சொன்னப்பவே."

"அப்பம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா மே மாசமும் வந்திருக்க மாட்டிய."

எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருபத்தெட்டு வருடம் பிசானம், கார் என்ற இரண்டு நெல் பட்டத்துக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில்தான் எங்கள் கல்யாண நாள், மெர்சி பிறந்தநாள் எல்லாவற்றையும் கொண்டாடியிருக்கிறோம். தேதி தள்ளிப்போனால் ரூபி ஒன்றும் சொல்ல மாட்டாள். நானும் அவளுக்குக் குறையில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வார வருசம் செப்டம்பர்ல வருவோம்" என்றேன்.

"கடைய யாரு பாப்பா?"

"அடைச்சிருதேன்."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள், விடைத்தாளில் காப்பி அடித்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு கம்பிக்கு அப்பால் ஏறிப்போகிற ரோட்டைப் பார்த்தாள். வலது முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"அரை மணி நேரம் நடக்கணும்னாருல்லா?" என்றாள். "அப்ப இந்தச் சவத்த ஆப்பரேஷன் பண்ணிர வேண்டியதுதான்."

இரண்டு வருடம் நான் கெஞ்சியும் டாக்டர் மிரட்டியும் நடக்காத காரியம்.

ஊருக்கு வந்த மறுமாதமே ஆப்பரேஷன் முடிந்தது. பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. ஒரு வருடம் ஓடி, இதோ மறுபடியும் கார் நெல் நடவு முடிந்து ஆடி பிறந்துவிட்டது. போன வாரம் கடை வாசலில் ஒரு பலகையை மாட்டினேன். எழுதியது ரூபி, அச்சுக் கோத்தது போன்ற டீச்சர் எழுத்தில்: "பிசான விதை வேண்டுவோர் ஆகஸ்டுக்குள் வாங்கிக்கொள்ளவும். செப்டம்பரில் கடை திறக்காது."

முருகையா டீக் கிளாஸும் கையுமாக வந்து படித்தார்.

"ஒமக்குக் கோட்டி பிடிச்சிருச்சாவே? நாத்துப் பாவுத நேரத்துல எவனாவது வெதக்கடைய அடைப்பானா? ஆடியில போயிட்டு வெரசலா வந்துரக் கூடாதா?"

"செப்டம்பர்ல போனாத்தான்வே ஐஸு தெரியும்" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. பலகையை இன்னொரு தடவை படித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

தினமும் காலையில் ஆற்றங்கரை ரோட்டில் ரூபி நடந்து பழகுகிறாள். கையில் கம்பு இல்லை, கடிகாரம்தான். நானும் கூடப் போகிறேன். இன்றைக்கு இருபதாவது நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கி, மருத மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கொஞ்ச தூரம் போய்த்தான் கவனித்தாள். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்திரிங்க. இன்னும் பத்து நிமிசம் இருக்கு. அங்கன வந்து நீங்க இப்பிடி உக்காந்தியன்னா, நான் பாட்டுக்குப் போயித் தொட்டுட்டு வந்துருவேன்."